பழைய வாக்கி டாக்கியை புரோகிராம் செய்ய மென்பொருளும் கேபிளும் தேடுவது எப்படி?

பழைய வாக்கி டாக்கி ஒன்று கைக்கு வந்திருக்கிறது. பேட்டரியில் சார்ஜ் நிற்கிறது, ஆன் செய்தால் பீப் சத்தம் வருகிறது. ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் முன்பு வைத்திருந்தவர் ஏற்றிய சேனல்கள். எண் பட்டன்கள் கிடையாது, மெனு கிடையாது. சேனலை மாற்ற வேண்டுமென்றால் கம்ப்யூட்டரில் இணைத்துத்தான் மாற்ற முடியும். தொழில்முறைப் பயன்பாட்டுக்காகச் செய்த பழைய ரேடியோக்கள் பெரும்பாலும் இப்படித்தான்.

என் முதல் ரேடியோவுக்கு ஏழு வாரம் ஆனது. அதில் உண்மையான வேலை இருபது நிமிடம்தான். மீதி நாளெல்லாம் தவறான கேபிள், ஒத்துவராத டிரைவர் (கேபிளைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்கும் சிறு மென்பொருள்), வேறு மாடலுக்கான மென்பொருள் என்று போனது. நான் வேலையைத் தலைகீழாகத் தொடங்கியதுதான் காரணம். பிளக் பொருந்துகிறதே என்று முதலில் கேபிளை வாங்கிவிட்டேன். மாடல் எண், அதற்கான மென்பொருள், அந்த மென்பொருள் ஓடும் கம்ப்யூட்டர், கடைசியில் கேபிள். இந்த வரிசையில் போனால் பணமும் நாளும் மிச்சமாகும்.

1. பேட்டரியைக் கழற்றி லேபிளைப் படியுங்கள்

முகப்பில் பெரிதாக எழுதியிருக்கும் பெயரை நம்பி எதுவும் வாங்க வேண்டாம். ஒரே பெயரில் விஎச்எஃப், யுஎச்எஃப் என்று வெவ்வேறு அலைவரிசைப் பட்டைகளுக்கான தனித்தனி ரேடியோக்கள் வந்திருக்கும். யுஎச்எஃப்பிலேயே 403 முதல் 433 வரை ஒன்று, 438 முதல் 470 வரை ஒன்று, 450 முதல் 520 மெகாஹெர்ட்ஸ் வரை ஒன்று என்று பல துண்டுகள் உண்டு. உங்களுக்கு வேண்டிய அலைவரிசை அந்தத் துண்டுக்குள் வராவிட்டால் எந்த மென்பொருளும் உதவாது.

கையடக்க ரேடியோவில் பேட்டரிக்குப் பின்னாலும், வண்டியில் பொருத்தும் ரேடியோவில் அடிப்பக்கத்திலும் ஒரு லேபிள் இருக்கும். என்னுடையதில் எழுத்து பாதி தேய்ந்திருந்தது. நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தபோது அச்சின் பள்ளம் நிழலாகத் தெரிந்தது, ஒவ்வொரு எழுத்தாகக் குறித்துக்கொண்டேன். மொபைலில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விற்பவரிடமோ டீலரிடமோ பேசும்போது அந்தப் படம் இருந்தால் பாதிக் கேள்விகள் குறையும்.

மாடல் எண்ணின் ஒவ்வொரு எழுத்துக்கும் பொருள் உண்டு. எடுத்துக்காட்டாக மோட்டோரோலாவின் எச்டி 750, எச்டி 1250 வகை ரேடியோக்களில் எண் 'ஏஏஎச்25' என்று தொடங்கும். அடுத்து வரும் எழுத்து 'கே' என்றால் 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ், 'ஆர்' என்றால் 403 முதல் 470. ஒரே ஒரு எழுத்துதான், ஆனால் ரேடியோ உங்களுக்குப் பயன்படுமா என்பதையே அது தீர்மானித்துவிடும்.

மிகப் பழைய சில ரேடியோக்களில் ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு கிறிஸ்டல் இருக்கும், அல்லது ஒரே ஒருமுறை எழுதக்கூடிய மெமரி சிப் இருக்கும். இவற்றுக்கு கேபிள் என்ற ஒன்றே கிடையாது. வாங்கும் முன்பே இதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

2. உரிமமும் சேனல் பட்டியலும்

எந்த அலைவரிசையில் பேச உங்களுக்கு அனுமதி இருக்கிறதோ அதை மட்டும் ஏற்றுங்கள். ஹாம் (பொழுதுபோக்கு ரேடியோ) உரிமமோ நிறுவனத்துக்கான உரிமமோ, அதன் நகல் ஒன்று கையில் இருக்கட்டும். டீலரிடம் புரோகிராம் செய்யக் கொடுத்தாலும் அதைக் கேட்க வாய்ப்பு உண்டு. ரேடியோ வாங்கிய ரசீதையும் அதோடு வையுங்கள். பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய ரேடியோவைத் திறந்து தரச் சொல்லும்போது, அது உங்களுடையதுதான் என்று காட்ட அந்த ரசீது வேண்டும்.

அப்புறம் ஒரு தாளில் சேனல் பட்டியல் போடுங்கள். சேனலின் பெயர், கேட்கும் அலைவரிசை, அனுப்பும் அலைவரிசை, அனுப்பும் டோன், கேட்கும் டோன் (டோன் என்பது குரலோடு சேர்ந்து போகும் அடையாளம், அது பொருந்தினால்தான் எதிர்முனை ரேடியோ குரலைத் திறந்துவிடும்), அகலம் 12.5 கிலோஹெர்ட்ஸா 25 கிலோஹெர்ட்ஸா, பவர் குறைவா அதிகமா. ரிப்பீட்டர், அதாவது வரும் குரலை வாங்கி வேறு அலைவரிசையில் மறுபடி அனுப்பும் நிலையம், 145.600இல் ஒலிபரப்பி 145.000இல் கேட்கிறது என்றால், உங்கள் ரேடியோவில் கேட்பது 145.600, அனுப்புவது 145.000. மென்பொருளின் முன் உட்கார்ந்துகொண்டு இதை யோசித்தால் கண்டிப்பாக மாறிப்போகும். தாளில் இருந்தால் பார்த்து அடித்தால் போதும்.

3. மென்பொருளின் சரியான பெயரைக் கண்டுபிடியுங்கள்

'இந்த ரேடியோவுக்கு சாஃப்ட்வேர் இருக்கிறதா' என்று பொதுவாகக் கேட்டால் பதில் வராது. ஒவ்வொரு கம்பெனியும் தன் மென்பொருளுக்கு ஒரு குறியீடு வைத்திருக்கிறது. அந்தக் குறியீட்டைச் சொல்லிக் கேட்டால்தான் கிடைக்கும்.

மோட்டோரோலாவில் பழையவற்றுக்கு ஆர்எஸ்எஸ், அதாவது டாஸ் என்ற பழைய இயங்குதளத்தில் ஓடும் மென்பொருள். ஜிபி 300, ஜிஎம் 300, எச்டி 1000 எல்லாம் இந்த வகை. அதற்குப் பிறகு வந்த ஜிபி 328, ஜிபி 340 போன்றவற்றுக்கு சிபிஎஸ், இது விண்டோஸில் ஓடும். கென்வுட்டில் கேபிஜி என்று தொடங்கி ஓர் எண்ணும் டி என்ற எழுத்தும் வரும். ஐகாமில் சிஎஸ் என்று தொடங்கும். வெர்டெக்ஸில் சிஇ என்ற எழுத்துகளோடு ஓர் எண் இருக்கும். உங்கள் மாடலுக்கான குறியீடு அதன் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். மேனுவலைத் தேடிப் பிடிப்பதுதான் இந்த வேலையில் அதிகப் பலன் தரும் ஒரு மணி நேரம் என்பேன். மென்பொருள் குறியீடு, கேபிள் குறியீடு, எந்தப் பின்னில் எந்த இணைப்பு என்ற படம், மூன்றும் அதில் ஒரே இடத்தில் கிடைக்கும்.

பதிப்பு எண்ணையும் கவனியுங்கள். புதிய பதிப்பால் எழுதிய ரேடியோவைப் பழைய பதிப்பு படிக்க மறுக்கும், இது மோட்டோரோலாவில் அடிக்கடி வரும் சிக்கல். மறுபக்கம், அமெரிக்காவில் 2013 முதல் தொழில்முறை அலைவரிசைகளுக்கு 12.5 கிலோஹெர்ட்ஸ் கட்டாயமானதால், அந்தச் சந்தைக்கு வந்த புதிய பதிப்புகள் சில 25 கிலோஹெர்ட்ஸை நேரடியாகத் தராது. எனவே 'ஆகப் புதியது எதுவோ அது' என்று கேட்காமல், உங்கள் ரேடியோவுக்கு எந்தப் பதிப்பு சரி என்று கேளுங்கள்.

தேடலுக்குப் பணம் செலவழிக்கும் முன் சிர்ப் என்ற இலவச மென்பொருளின் பட்டியலில் உங்கள் மாடல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஹாம் ரேடியோக்களுக்காக உருவானது, ஆனால் கென்வுட் டிகே 260ஜி, டிகே 760ஜி போன்ற சில பழைய தொழில்முறை ரேடியோக்களும் அதில் உண்டு. இருந்தால் அடுத்த இரண்டு படிகள் உங்களுக்கு வேண்டியதில்லை, நேராக ஆறாவது படிக்குப் போய்விடலாம்.

4. மென்பொருளைப் பெறும் வழிகள்

முதலில் தயாரித்த கம்பெனியையோ அதன் டீலரையோ கேளுங்கள். விற்பனை நின்ற மாடலாக இருந்தாலும் கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை. மின்னஞ்சலில் மாடல் எண், சீரியல் எண், லேபிளின் படம் மூன்றையும் முதல் கடிதத்திலேயே அனுப்புங்கள். நான் வெறும் பெயரை மட்டும் எழுதி அனுப்பி, ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு பதில் கடிதம் என்று பன்னிரண்டு நாள் இழந்தேன்.

இரண்டாவது வழி, ஹாம் கிளப். பல வருடமாக ரேடியோ வைத்திருப்பவர்களிடம் அசல் ஃப்ளாப்பியோ சிடியோ கேபிளோடு சேர்ந்தே இருக்கும். மென்பொருளைக் கேட்பதை விட, 'உங்கள் இடத்துக்கு ரேடியோவை எடுத்து வரட்டுமா' என்று கேளுங்கள். ஒரு மாலையில் முடிந்துவிடும், பக்கத்தில் இருந்து பார்த்துக் கற்றுக்கொள்ளவும் முடியும்.

மூன்றாவது, பழைய அசல் ஃப்ளாப்பியை விலைக்கு வாங்குவது. வந்ததும் முதல் வேலையாக அதை இமேஜ் ஃபைலாக (முழு ஃப்ளாப்பியின் பிரதியாக) நகலெடுங்கள். வயதான ஃப்ளாப்பி இன்று படிக்கும், அடுத்த மாதம் படிக்காது.

யாரோ எங்கோ ஏற்றி வைத்திருக்கும் ஜிப் ஃபைல்களில் உரிமைச் சிக்கலும் உண்டு, வைரஸும் உண்டு. வங்கிக் கணக்கு பார்க்கும் கம்ப்யூட்டரில் அப்படி ஒன்றைத் திறக்கவே வேண்டாம்.

ஒரே ஒரு ரேடியோதான், சேனலும் இனி மாறாது என்றால் டீலரிடம் கட்டணம் கொடுத்து ஏற்றிக்கொள்வதுதான் மலிவு. மூன்று நான்கு ரேடியோவுக்கு மேல் இருந்தால்தான் சொந்தமாக மென்பொருளும் கேபிளும் வைத்திருப்பது கட்டுப்படியாகும். இந்தக் கணக்கை முதலிலேயே போட்டுப் பாருங்கள். பழைய ரேடியோ மலிவாகக் கிடைக்கும், ஆனால் அசல் கேபிளும் மென்பொருளும் சேர்ந்தால் ரேடியோவின் விலையைத் தாண்டிவிடக்கூடும்.

5. அது ஓடும் கம்ப்யூட்டர்

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டாஸ் மென்பொருள் என்றால் வேகம்தான் பிரச்சினை. பழைய ஆர்எஸ்எஸ் மென்பொருள்கள் அன்றைய 386, 486 கம்ப்யூட்டரின் வேகத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ரேடியோவுக்கு ஒரு செய்தி அனுப்பி எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை ப்ராசஸரின் சுற்றுகளை எண்ணித்தான் அவை கணக்கிடுகின்றன. இன்றைய கம்ப்யூட்டரில் அந்தக் காத்திருப்பு கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடும். ரேடியோ பதில் சொல்வதற்குள் மென்பொருள் அடுத்த வேலைக்குப் போய்விடும். படிக்கும்போது இப்படி நடந்தால் பிழைச் செய்தி வரும், அவ்வளவுதான். எழுதும்போது நடந்தால் ரேடியோவின் மெமரி பாதி பழையது பாதி புதியது என்று குழம்பி, ரேடியோ ஆன் ஆகாமலே போகலாம்.

எனவே பழைய ஆர்எஸ்எஸ்ஸுக்கு உண்மையான சீரியல் போர்ட் (ஒன்பது பின் உள்ள பழைய வகை இணைப்பு) உள்ள பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தேடுங்கள். விண்டோஸுக்குள் டாஸ் ஜன்னலைத் திறந்து ஓட்ட வேண்டாம். பழைய கம்ப்யூட்டர் இருந்தால் ஃப்ரீடாஸ் என்ற இலவச டாஸை நிறுவி நேராக அதிலேயே பூட் செய்யலாம். டாஸுக்கு யுஎஸ்பி சீரியல் அடாப்டர் கண்ணுக்கே தெரியாது, போர்ட் போர்டிலேயே இருக்க வேண்டும். பல டெஸ்க்டாப் மதர்போர்டுகளில் பின்பக்கம் சீரியல் போர்ட் இல்லாவிட்டாலும், உள்ளே 'காம்' என்று அச்சிட்ட ஒன்பது ஊசிகள் இருக்கும். அதற்கான பட்டையை வாங்கிச் செருகினால் போர்ட் தயார். பழைய அலுவலக லேப்டாப்களின் டாக்கிங் ஸ்டேஷனிலும் சீரியல் போர்ட் வரும். பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே திறக்கும் செட்டிங் பக்கம்) அந்த போர்ட் இயங்கும் நிலையில் இருக்கிறதா, முகவரி 3எஃப்8 ஆக, அதாவது காம் 1 ஆக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் சற்றே வேகமானது என்றால் மோஸ்லோ போன்ற வேகக் குறைப்பான்கள் உதவும்.

டாஸைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருள் வழியாகவும் சிலர் செய்கிறார்கள். அதன் செட்டிங் ஃபைலில் சீரியல் போர்ட்டை உண்மையான போர்ட்டோடு நேராக இணைக்கலாம், வேகத்தையும் குறைக்கலாம். சில மாடல்களில் ஓடுகிறது, சிலவற்றில் ஓடாது. அதில் படித்துப் பாருங்கள், மூன்று முறை படித்து மூன்றும் ஒரே மாதிரி வந்தால் மட்டும் எழுதுவதைப் பற்றி யோசியுங்கள்.

விண்டோஸ் மென்பொருள் என்றால் இவ்வளவு தொல்லை இல்லை. ஆனால் 16 பிட் மென்பொருள் 64 பிட் விண்டோஸில் திறக்கவே திறக்காது. கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பி ஒன்றை நிறுவி, யுஎஸ்பி கேபிளை அதற்குள் இணைத்தால் பெரும்பாலும் வேலை செய்யும். நிறுவ ஒரு மாலைப் பொழுது ஒதுக்குங்கள்.

6. இப்போது கேபிள்

கம்ப்யூட்டரின் சீரியல் போர்ட் பிளஸ், மைனஸ் என்று இரு திசையிலும் பல வோல்ட் அனுப்பும். ரேடியோவின் உள்ளே இருப்பது 5 வோல்ட் சிப். நேராக இணைத்தால் ரேடியோ கெட்டுவிடும். நடுவில் வோல்டேஜை மாற்றிக் கொடுக்க ஒன்று வேண்டும். மோட்டோரோலாவில் அதற்கு ரிப் பாக்ஸ் என்று பெயர். கம்ப்யூட்டரிலிருந்து பாக்ஸுக்கு ஒரு கேபிள், பாக்ஸிலிருந்து ரேடியோவுக்கு மாடலுக்கேற்ற இன்னொரு கேபிள். 'ரிப் தேவையில்லை' என்று விற்கும் கேபிள்களில் அந்த வேலையைச் செய்யும் சிப் பிளக்கின் உள்ளேயே இருக்கும். விளம்பரத்தில் கேபிள் என்று மட்டும் இருந்தால், மாற்றும் சிப் உள்ளே இருக்கிறதா என்று கேட்காமல் வாங்காதீர்கள். நான் முதலில் வாங்கியது ரிப் பாக்ஸோடு சேர்த்துப் பயன்படுத்த வேண்டிய வெறும் கேபிள். பாக்ஸ் இல்லாமல் அதற்கு ஒரு பயனும் இல்லை.

கென்வுட்டின் இரண்டு பின் கையடக்க ரேடியோக்களுக்கு கேபிஜி 22, வண்டி ரேடியோக்களின் மைக் சாக்கெட்டுக்கு கேபிஜி 46. ஐகாம் கையடக்க ரேடியோக்களுக்கு ஓபிசி 478 வரிசை. அசல் விலை அதிகம்தான், ஆனால் குறியீட்டைச் சொல்லித் தேடினால் அதற்கு இணையான மலிவு கேபிள்களும் கிடைக்கும்.

வண்டி ரேடியோக்களில் மைக் சாக்கெட் பார்ப்பதற்கு நெட்வொர்க் கேபிள் சாக்கெட் மாதிரியே எட்டு பின்னோடு இருக்கும். உருவம் ஒன்று, இணைப்பு கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஒன்றின் கேபிளை மற்றொன்றில் செருகிப் பார்க்க வேண்டாம், ஏதாவது ஒரு பின்னில் 8 வோல்ட்டோ 12 வோல்ட்டோ இருக்கலாம்.

இரண்டு பின் பிளக்கிலும் இதே கதைதான். மோட்டோரோலாவிலும் கென்வுட்டிலும் ஒரு 3.5 மில்லிமீட்டர், ஒரு 2.5 மில்லிமீட்டர் பின். ஆனால் இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி வேறு.

7. யுஎஸ்பி கேபிள் என்றால் உள்ளே எந்தச் சிப்?

யுஎஸ்பி கேபிளின் தடித்த தலைப்பகுதிக்குள் ஒரு சிப் இருக்கும். எஃப்டிடிஐ, ப்ரோலிஃபிக், சிஎச் 340, சிபி 2102 ஆகியவை வழக்கமாக வருபவை. என் அனுபவத்தில் எஃப்டிடிஐ உள்ள கேபிளுக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுப்பது நல்லது.

மலிவு கேபிள்களில் ப்ரோலிஃபிக் சிப்பின் போலி அதிகம். ப்ரோலிஃபிக்கின் புதிய டிரைவர் போலிகளையும் தன் பழைய சிப்களையும் ஏற்றுக்கொள்ளாது. விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணமும் 'கோட் 10' என்ற செய்தியும் வரும். கேபிள் கெட்டுவிட்டது என்று நினைத்து நான் ஒன்றைத் திருப்பியே அனுப்பிவிட்டேன். டிரைவரின் பழைய பதிப்பை நிறுவி, டிவைஸ் மேனேஜரில் பட்டியலிலிருந்து அதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். விண்டோஸ் அப்டேட் மறுபடி புதியதைப் போட்டுவிடும், அப்போது திரும்பவும் இதையே செய்ய வேண்டும். எஃப்டிடிஐயிலும் போலிகள் உண்டு. 2014இல் வந்த ஒரு டிரைவர், போலி சிப்களின் அடையாள எண்ணையே பூஜ்யமாக்கி அவற்றை முடக்கியது.

போர்ட் எண்ணையும் பாருங்கள். விண்டோஸ் காம் 17 என்று கொடுத்திருந்தால் பழைய மென்பொருளுக்கு அது தெரியாது. டிவைஸ் மேனேஜரில் போர்ட்டின் அட்வான்ஸ்டு செட்டிங்கில் காம் 1 முதல் 4க்குள் மாற்றிவிடுங்கள்.

8. ரேடியோவைத் தொடும் முன் போர்ட்டைச் சோதியுங்கள்

ஒன்பது பின் உள்ள சீரியல் போர்ட்டில் இரண்டாவது பின்னையும் மூன்றாவது பின்னையும் ஒரு சிறு கம்பியால் இணையுங்கள். டெர்மினல் மென்பொருள் ஒன்றைத் திறந்து, எக்கோவையும் ஃப்ளோ கன்ட்ரோலையும் அணைத்துவிட்டு எழுத்துகளைத் தட்டுங்கள். தட்டியது திரையில் வந்தால் போர்ட்டும் டிரைவரும் சரி. கம்பியை எடுத்ததும் எழுத்து வருவது நிற்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. இதைச் செய்துவிட்டால் பிறகு வரும் பிழை கேபிளிலா ரேடியோவிலா என்று மட்டும் யோசித்தால் போதும்.

9. படித்து, சேமித்து, அதன் பிறகே எழுதுங்கள்

பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஆகியிருக்க வேண்டும். வண்டி ரேடியோ என்றால் நிலையான 13.8 வோல்ட் பவர் சப்ளை. லேப்டாப் தூங்கப் போகாதபடி செட்டிங்கை மாற்றிவிடுங்கள். ரேடியோவை அணைத்து, கேபிளைச் செருகி, பிறகு ஆன் செய்யுங்கள்.

'ரேடியோ பதில் தரவில்லை' என்று வந்தால் முதலில் பிளக்கைப் பாருங்கள். கென்வுட் வகை இரண்டு பின் பிளக்கில் பிளாஸ்டிக் உறை ரேடியோவின் விளிம்பில் இடித்துக்கொண்டு நிற்கும். பார்த்தால் முழுதாகப் போன மாதிரி இருக்கும். நகத்தை இடையில் விட்டுப் பார்த்தேன், ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தது. கட்டை விரலால் அழுத்தியதும் 'டக்' என்று உள்ளே போனது, அடுத்த நொடியே ரேடியோவின் விளக்கு எரிந்து படிக்க ஆரம்பித்தது. அதுவரை நான்கு நாள் டிரைவரை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுத்தியும் போகவில்லை என்றால் பிளக்கின் பிளாஸ்டிக் விளிம்பைக் கத்தியால் லேசாகச் சீவலாம்.

படித்து முடித்ததும் எதையும் மாற்றாமல் அப்படியே சேமியுங்கள். ஃபைல் பெயரில் மாடல், சீரியல் எண், தேதி மூன்றும் இருக்கட்டும். இன்னொரு முறை படித்து வேறு பெயரில் சேமித்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இந்த ஃபைலை பென் டிரைவிலும் ஒரு பிரதி வையுங்கள். சேனல்கள் மட்டுமல்லாமல் அந்தக் குறிப்பிட்ட ரேடியோவுக்கென்று தொழிற்சாலையில் அளந்து எழுதிய டியூனிங் மதிப்புகளும் சில மாடல்களில் இதோடு சேர்ந்தே இருக்கும். போனால் வேறு எங்கும் கிடைக்காது. இதே காரணத்தால் ஒரு ரேடியோவின் ஃபைலை இன்னொன்றில் அப்படியே ஏற்றவும் கூடாது.

சிர்ப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதில் 'டவுன்லோடு' என்றால் ரேடியோவிலிருந்து கம்ப்யூட்டருக்கு வருவது, 'அப்லோடு' என்றால் ரேடியோவுக்குள் எழுதுவது. அவசரத்தில் மாற்றி அழுத்திவிட்டால் பழையது அழிந்துவிடும்.

படிக்கும்போது பாஸ்வேர்டு கேட்டால் முன்பு வைத்திருந்தவரைக் கேளுங்கள், இல்லையென்றால் டீலர்தான் வழி. கண்டதை எல்லாம் அடித்துப் பார்ப்பதில் பயனில்லை.

இப்போது தாளைப் பார்த்து ஒரே ஒரு சேனலை மட்டும் மாற்றி எழுதுங்கள். அது சரியாக வந்த பிறகு மற்றவை. எழுதும் அந்த ஒரு நிமிடமும் கேபிளைத் தொடாதீர்கள். என் இரண்டாவது ரேடியோவில் எழுதும்போது பேட்டரி தீர்ந்துவிட்டது. ஆன் செய்தால் நிற்காமல் ஒரே பீப். சேமித்து வைத்திருந்த ஃபைலை மறுபடி எழுதியதும் உயிர் வந்தது.

10. கேட்டுப் பாருங்கள்

எழுதி முடிந்ததும் கேபிளைக் கழற்றி, ரேடியோவை அணைத்து ஆன் செய்யுங்கள். முதல் ஒலிபரப்பு டம்மி லோடிலோ (ஆண்டெனாவுக்குப் பதில் பவரை உறிஞ்சிக்கொள்ளும் சாதனம்) சரியான ஆண்டெனாவிலோ இருக்கட்டும், குறைந்த பவரில். நீங்கள் பேசுவது மற்றவருக்குக் கேட்கிறது, அவர் பேசுவது உங்களுக்குக் கேட்கவில்லை என்றால் பெரும்பாலும் கேட்கும் டோன்தான் தவறு. மானிட்டர் பட்டனை (டோனைப் பார்க்காமல் வருவதையெல்லாம் கேட்கவைப்பது) அழுத்திப் பாருங்கள், குரல் வந்தால் அதேதான். கேட்கும் டோனை எடுத்துவிட்டு முதலில் சோதியுங்கள். ரிப்பீட்டர் திறக்கவில்லை என்றால் அனுப்பும் டோனைப் பாருங்கள். 88.5க்கு பதிலாக 85.4 தேர்ந்தெடுத்திருப்பீர்கள், பட்டியலில் இரண்டும் அடுத்தடுத்த வரி. டிஜிட்டல் டோன் என்றால் அதே எண்ணுக்கு நேர், தலைகீழ் என்று இரண்டு வகை உண்டு, அதையும் மாற்றிப் பாருங்கள். குரல் கேட்கிறது, ஆனால் மெலிதாக இருக்கிறது, அல்லது உரக்கப் பேசும்போது கரகரக்கிறது என்றால் 12.5, 25 கணக்கைச் சரிபாருங்கள்.

எல்லாம் சரியானதும் இறுதி ஃபைலையும் தேதியோடு சேமித்து, அது எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பில் எழுதியது என்பதை ஒரு சீட்டில் எழுதி, கேபிளோடு சேர்த்து ஒரே பையில் போட்டு வையுங்கள்.